பழைய கொப்பியில் உள்ள அப்பாவின் கையெழுத்தைப் பத்து அடிப் பெயர்ப்பலகைக்கு வெக்டராக மாற்றுவது எப்படி?

நிலாவெளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் எழும்பி, பூச்சு வேலையும் முடிந்துவிட்டது. முகப்பில் பத்து அடி அகலத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்க வேண்டும். அதைக் கணினி எழுத்துரு எதிலும் செய்யாமல், வாசிகசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் முதற் செயலாளருமான என் அப்பாவின் கையெழுத்திலேயே செய்வதென்று நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது. அப்பா இப்போது எங்களுடன் இல்லை. 1974ஆம் ஆண்டு கூட்ட அறிக்கைக் கொப்பியின் முதற் பக்கத்தில் அவர் மையூற்றுப் பேனையால் எழுதிய "வாசிகசாலை, திருக்கோணமலை" என்ற ஒரே வரிதான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது.

அந்த வரியின் நீளம் 9 சென்ரிமீற்றர், எழுத்துகளின் உயரம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். மை நீலம். தாள் நன்றாக மஞ்சளித்துவிட்டது. கணக்குக் கொப்பி என்பதால் இளநீலக் கிடைக்கோடுகளும் இரண்டு சிவப்பு நெடுங்கோடுகளும் எழுத்துகளுக்குக் குறுக்கே ஓடுகின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கொப்பி இது. பக்கத்தின் கீழ்ப்பாதியில் பழுப்பு நிறக் கறை ஒன்று அலைபோலப் படர்ந்து, கடைசி இரண்டு எழுத்துகளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நகரில் ஒரு கடையில் வேலையைக் கொடுத்தேன். முதலில் அவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டினார்கள். எழுத்துகளின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரிந்தது. நான் மறுத்ததும் ஏதோ ஒரு மென்பொருளில் தானாக வரைந்து கொண்டுவந்தார்கள். ஓரம் வழுவழுப்பாகிவிட்டது, ஆனால் "க்" மேலிருந்த புள்ளி காணாமற்போய் "திருககோணமலை" என்று நின்றது. "ண"வின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் குமிழ்களாகிவிட்டன. மூன்றாவது தடவை, "இதைப்போலவே ஒரு எழுத்துரு இருக்கிறது, அதில் அடித்துத் தருகிறோம்" என்றார்கள். அதில் அப்பாவின் "லை" இல்லை. அவர் எழுதுவது யானைத் தும்பிக்கைபோல மேலெழுந்து வளையும் பழைய "லை".

எனக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் ஓரளவு தெரியும். வாசிகசாலை அறிவித்தல்களை அதில்தான் செய்கிறேன். நானே இந்த வேலையைச் செய்து வெக்டர் கோப்பாக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டுப் படமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படி ஸ்கேன் செய்ய வேண்டும், கோடுகளையும் கறையையும் எழுத்தைச் சேதப்படுத்தாமல் எப்படி அகற்ற வேண்டும், புள்ளிகளையும் சுழிகளையும் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.


கோடும் வளைவும் (கிண்ணியா) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைக்காரர் செய்த பிழை மென்பொருளில் நடந்ததல்ல. அதற்கு முன்னரே, படம் எடுத்த இடத்தில் நடந்துவிட்டது. வெக்டராக மாற்றும் மென்பொருள் தனக்குக் கிடைத்த படத்தில் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லையைப் பின்தொடர்ந்து வளைகோடாக்கும். படத்தில் இல்லாத புள்ளியை அது கண்டுபிடித்துத் தராது. ஆகவே உழைப்பில் முக்காற்பங்கை ஸ்கேனிலும் அதைச் சுத்தப்படுத்துவதிலும் செலவிடுங்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். 9 சென்ரிமீற்றர் வரி 2.7 மீற்றராக வேண்டும் என்றால் முப்பது மடங்கு பெருக்கம். அங்குலத்துக்கு 200 புள்ளிகள் என்ற அளவில் எடுத்த படத்தில் ஒரு பிக்சல் 0.127 மில்லிமீற்றர், முப்பது மடங்கில் அது கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர்ச் சதுரமாகிவிடும். நீங்கள் பார்த்த படிக்கட்டு அதுதான். 6 மில்லிமீற்றர் உயரமான எழுத்து அந்த அளவில் 47 பிக்சல்களுக்குள் அடங்கிவிடுகிறது. "க்" மேல் அப்பா இட்ட புள்ளிக்கு மொத்தமே பத்துப் பிக்சல் அளவுதான் கிடைத்திருக்கும். தானாக வரையும் மென்பொருள்களில் தூசி நீக்க ஓர் அமைப்பு உண்டு. இங்க்ஸ்கேப்பில் அதன் பெயர் ஸ்பெக்கிள்ஸ். அதில் இட்ட எண்ணைவிடப் பெரிதாக இல்லாத கறுப்புத் துண்டுகளை அது தூசி என்றே எடுத்துக்கொள்ளும். யாரோ அதை இருபதுக்கோ முப்பதுக்கோ தள்ளிவைத்திருக்கிறார்கள், புள்ளி தூசியோடு போய்விட்டது. ஆங்கில எழுத்துக்கு இது ஒரு சிறு குறையாக முடியலாம். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிச் சொல்லே மாறிவிடும் என்பதால், இந்த அமைப்பை நான் எப்போதும் கடைசியில்தான் தொடுவேன்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், வண்ணத்தில், பி.என்.ஜி. அல்லது டிப் வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். அப்போது எழுத்து 142 பிக்சல் உயரம் பெறும். கறுப்பு–வெள்ளை என்ற தெரிவை ஸ்கேனரிலேயே அமுக்கிவிட வேண்டாம். எது மை, எது தாள் என்ற முடிவை அந்த இயந்திரத்திடம் ஒப்படைத்ததாகிவிடும். ஜே.பி.ஜி. வடிவமும் வேண்டாம். அது படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எழுத்தோரத்தில் புகைபோன்ற அழுக்கு படியும். பின்னர் அந்த அழுக்கையும் மென்பொருள் எழுத்தென்று வரையும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

ஸ்கேனர் பற்றியும் ஒரு சொல். யூ.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள், கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாளைத்தான் கூர்மையாகப் படிக்கும். கொப்பியின் தையல் பக்கம் சற்று மேலெழுந்து நின்றால் அந்தப் பகுதி மங்கிவிடும். தடித்த உடலுள்ள பழைய வகை ஸ்கேனர்கள் இதைத் தாங்கும். ஐம்பது வருடக் கொப்பியை அமுக்கி முதுகை உடைத்துவிடாதீர்கள். பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். மறுபக்க எழுத்து ஊடே தெரிவது பெரிதும் குறையும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கிவிட்டால் தாள் ஈரம் குடித்துச் சுருள ஆரம்பிக்கும், அதற்கு முன்னரே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

இனிக் கோடுகளும் கறையும். கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, நிறங்கள் பட்டியலில் உள்ள டிகம்போஸ் என்பதைக் கொண்டு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் நிறப் படங்களாகப் பிரியுங்கள். அவற்றுள் சிவப்புக்குரிய படத்தை, அதாவது சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள். மஞ்சளித்த தாள் சிவப்பொளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் அதில் வெளுப்பாகத் தெரியும். சிவப்பு நெடுங்கோடுகள் ஏறக்குறைய மறைந்துபோகும். பழுப்புக் கறையும் வெளிறிவிடும். நீல மை மட்டும் கருமையாக எழுந்து நிற்கும். இளநீலக் கிடைக்கோடு சாம்பலாக மிஞ்சும், ஆனால் மையைவிட வெகுவாக வெளிறியிருப்பதால், எவ்வளவு கருமையை மை என்று எடுப்பது என்ற எல்லையைச் சரியாக வைத்தால் அதுவும் உதிர்ந்துவிடும். நீலச் சேனலைப் பார்த்தீர்களானால் இதற்கு நேர்மாறாக, தாளும் கறையும் இருண்டு எழுத்து அவற்றுள் அமிழ்ந்து கிடக்கும். (பழுப்பாக மங்கிய பழைய கறுப்பு மைக்கு நீலச் சேனல்தான் உதவும். உங்கள் கொப்பியில் மை நீலமாக இருப்பது அதிர்ஷ்டம்.)

அந்தச் சாம்பல் படத்தைக் கறுப்பு–வெள்ளையாக்கும் முன்னரே இருமடங்கு பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது கியூபிக் முறையைத் தெரிவுசெய்யுங்கள். சாம்பல் நிலையில் ஓரத்துப் பிக்சல் ஒவ்வொன்றும் "என்னில் இவ்வளவு பங்கு மை" என்ற செய்தியை வைத்திருக்கிறது. பெரிதாக்கிய பின் அந்த எல்லையில் கறுப்பு, வெள்ளை என்று வெட்டினால் அந்தச் செய்தி ஓரத்தின் வளைவாக மாறும். முதலில் வெட்டிவிட்டால் அது அழிந்துபோய்ப் படிக்கட்டுத்தான் பெருகும். பீற்றர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரலைத்தான் இங்க்ஸ்கேப் உள்ளே பயன்படுத்துகிறது. அவர் அதோடு சேர்த்து வெளியிட்ட துணை நிரலும் இயல்பாகவே இந்த வரிசையில்தான், இருமடங்காக்கிப் பின்னர் வெட்டுவதாகத்தான் வேலை செய்கிறது.

எல்லையை முழு வரிக்கும் ஒரே மதிப்பாக வைக்க வேண்டியதில்லை. "ண"வின் சுழி திறந்திருக்கும் மதிப்பையும் புள்ளி அழியாத மதிப்பையும் தனித்தனியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான இடம் கிடைத்தால் அதை வையுங்கள். கிடைக்காவிட்டால் வரியை எழுத்தெழுத்தாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பைக் கொடுங்கள். பன்னிரண்டு எழுத்துகள்தானே, ஒரு மாலை நேர வேலை.

இங்க்ஸ்கேப்பில் பாத் பட்டியலில் டிரேஸ் பிட்மேப். ஸ்பெக்கிள்ஸ் ஐம்பது வரை போகலாம். இருமடங்காக்கிய 600 புள்ளிப் படத்தில் அப்பாவின் புள்ளி முந்நூறு பிக்சல் பரப்பைத் தாண்டியிருக்கும் என்பதால் அதற்கு ஆபத்தில்லை. ஸ்மூத் கார்னர்ஸ் 1.0 என்ற வழக்கமான மதிப்பிலிருந்து தொடங்கி 0.8 வரை இறக்கிப் பாருங்கள். அதைக் கூட்டக் கூட்ட "க", "ச" ஆகியவற்றின் மூலைகள் உருண்டு குழைந்துவிடும், 1.33ஐத் தாண்டினால் மூலை என்பதே இருக்காது. ஆப்டிமைஸ் 0.2இலிருந்து 0.4 ஆகலாம், தேவையற்ற கணுக்கள், அதாவது கோட்டின் துண்டுகள் சந்திக்கும் இடங்கள் குறையும்.


உவர்மலைத் தமிழாசிரியர் எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, கணினி வேலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எழுத்தைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

உங்கள் தந்தையார் எழுதிய "லை" பிழையோ விசித்திரமோ அல்ல. என் வயதினர் எல்லோரும் பள்ளியில் பழகியது அதுதான். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அந்தத் தும்பிக்கை வடிவத்தில்தான் இருந்தன. ணா, றா, னா ஆகியவையும் தனிக்கால் இல்லாமல் எழுத்தோடு ஒட்டிய வளைவாகவே எழுதப்பட்டன. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அச்சிலிருந்து அவை படிப்படியாக மறைந்தன, இங்கும் பாடப்புத்தகங்கள் மாறின. முதியவர்களின் கை மாறவில்லை. யூனிகோட்டில் பழைய "லை"க்கென்று தனி இடம் கிடையாது. ஐகாரக் குறி ஒன்றுதான். அதை எந்த உருவில் காட்டுவது என்பது எழுத்துருவின் விருப்பம். ஆகவே அந்த வடிவம் பலகையில் நிற்க வேண்டுமானால் நீங்கள் செய்ய முனைந்திருக்கும் வழியே வழி.

இந்த வரியில் "லை" இரண்டு தடவை வருகிறது. ஒன்று தெளிவாக இருக்கிறது, மற்றது கறையில் நனைந்து மங்கியிருக்கிறது என்று உங்கள் விளக்கத்திலிருந்து ஊகிக்கிறேன். நல்லதைப் பிரதியெடுத்து மற்றதன் இடத்தில் ஒட்டிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். "வாசிகசாலை"யின் "லை" வரியின் நடுவேகத்தில் வந்தது, அதன்பின் காற்புள்ளி இட வேண்டும். "மலை"யின் "லை"யோ வரியின் கடைசி எழுத்து, அதை எழுதும்போது கை ஓய்வுக்குப் போகிறது. பெரும்பாலானோர் கடைசி எழுத்தின் தும்பிக்கையைச் சற்று நீட்டியே விடுவார்கள். ஒரே மனிதர் ஒரே வரியில் எழுதினாலும் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் பார்ப்பவர் கண் அதைக் கணினி எழுத்து என்று உடனே பிடித்துவிடும்.

இன்னொன்று. தந்தையார் "திருக்கோணமலை" என்று ககர ஒற்றோடு எழுதியிருக்கிறார். அரச பெயர்ப்பலகைகளில் "திருகோணமலை" என்றுதான் காண்கிறோம். சபையில் யாராவது ஒற்றை நீக்கச் சொல்லக்கூடும். ஒற்றோடு எழுதுவதும் நெடுநாள் வழக்கில் உள்ளதே. அதை அவர் எழுதியவாறே விட்டுவிடும்படி சபையிடம் என் பெயரால்கூடக் கேட்டுக்கொள்ளலாம்.


நிலாவெளி வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் கிண்ணியா அண்ணாவுக்கும் நன்றி. இரண்டு மாலைகள் இதிலேயே இருந்தேன். சிவப்புச் சேனலைத் திறந்தபோது கறை விலகி அப்பாவின் வரி தனியே நின்றதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புள்ளி பத்திரமாக இருக்கிறது; உருண்டையாக அல்ல, வலப்பக்கம் உயர்ந்த ஒரு சிறு சாய்கோடாக. "ண"வின் சுழிகள் திறந்துவிட்டன. ஐயா சொன்னது சரி: கடைசி "லை"யின் தும்பிக்கை முன்னதைவிட நீளமாகப் போய், நுனியில் மை தீர்ந்து இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒட்ட நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன்.

இப்போது வேறொரு குழப்பம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தோரம் முழுவதும் மயிர்போன்ற சிறு முட்கள் தெரிகின்றன. "லை" ஒன்றில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்கள். கணுக்களைக் குறைக்கும் சிம்ப்ளிபை கட்டளையைக் கொடுத்தால் முட்கள் போகின்றன, ஆனால் தும்பிக்கையின் பிளந்த நுனியும் போய்விடுகிறது. "வா" தொடங்கும் இடத்தில் பேனையை வைத்து அழுத்திய மைத்திட்டும் உருண்டுவிடுகிறது. எதுவரை வழுவழுப்பாக்குவது நியாயம்?

மேலும், வரிக்குக் கீழே அப்பாவின் கையொப்பமும் உள்ளது. அதையும் பலகையில் சிறிதாகச் சேர்க்கலாமா என்று சபையில் ஒருவர் கேட்டார்.


கோடும் வளைவும் (கிண்ணியா) எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்கள் பலகை நன்றாக வரும் என்று நம்புகிறேன். நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன்: ஓரத்தில் தெரியும் ஒவ்வொன்றும் ஒன்றில் தாள் செய்தது, அல்லது கை செய்தது. மை தாளின் நார்களுக்குள் ஊறி ஓடியதால் வந்தவையே அந்த முட்கள். உங்கள் அப்பா அவற்றை எழுதவில்லை. கொப்பியில் கண்ணுக்கே தெரியாத 0.1 மில்லிமீற்றர் முள், பலகையில் 3 மில்லிமீற்றராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுத்துவிடலாம், எடுக்கத்தான் வேண்டும். "வா"வின் தொடக்கத் திட்டு, பேனை தாளைத் தொட்டு ஒரு கணம் நின்றதனால் வந்தது. தும்பிக்கை நுனியின் பிளவு, பேனையின் கூர் இரண்டாக விரிந்து மை போதாமற்போனதனால் வந்தது. இவை கை செய்தவை, இவற்றைத் தொடக்கூடாது.

மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதற்கு முள்ளும் பிளவும் ஒரே அளவுள்ள சிறு மேடுபள்ளங்கள். ஆகையால் சிம்ப்ளிபையை முழு வரிக்கும் கொடுக்கும் வழியைக் கைவிட்டு, கையால் திருத்துங்கள். ஸ்கேன் படத்தை ஓர் அடுக்கில் வைத்து, ஒளிபுகாத் தன்மையைப் பாதியாக்கிப் பூட்டுங்கள். அதற்கு மேலே தானாக வரைந்த உருவை நிரப்பு நிறமில்லாமல், மெல்லிய சிவப்புக் கோடாக வையுங்கள். பிறகு எழுத்தெழுத்தாகப் போங்கள். ஒரு வளைவைத் தாங்குவதற்கு, அது ஆக மேலே, ஆகக் கீழே, ஆக இடப்புறம், ஆக வலப்புறம் செல்லும் இடங்களில் கணு இருந்தால் போதும். இடையில் உள்ளவற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய கணுக்களின் கைபிடிகளை இழுத்துக் கோட்டைப் படத்தோடு பொருத்துங்கள். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பில் இப்படி வரைந்த வளைகோட்டுத் துண்டு ஒவ்வொன்றும் இரண்டு முனைகளும் இரண்டு கைபிடிப் புள்ளிகளும் மட்டுமே கொண்டது. பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியே கார் உடலின் வளைவுகளை வரையப் பயன்படுத்திய முறை இது. காரின் நீண்ட வளைவைத் தாங்கும் அந்தக் கோட்டுக்குத் தும்பிக்கையின் வளைவு பெரிதல்ல.

"லை"யை நானும் ஒரு பழைய கடிதத்திலிருந்து இப்படி வரைந்திருக்கிறேன். தும்பிக்கை மேலேறும்போது மெலிந்து, உச்சியில் திரும்பி இறங்கும்போது தடிக்கும். அந்தத் தடிப்பு மாற்றத்தில்தான் கூரின் சாய்வு தெரிகிறது. வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் சேர்த்து நகர்த்தினால் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாகி, எழுத்து கம்பியை வளைத்ததுபோல ஆகிவிடும். இரண்டு ஓரங்களையும் இரண்டு வெவ்வேறு கோடுகளாக நினைத்துக்கொண்டு தனித்தனியே பொருத்துங்கள்.

ஒரு சோதனை: ஒவ்வொரு எழுத்தும் முடிந்ததும் பலகையின் உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டு, வீதியிலிருந்து பார்க்கும் தூரத்தில் நின்று பாருங்கள். திரையில் உறுத்திய சில மேடுகள் அங்கே தெரியாது. திரையில் தெரியாத ஒரு சாய்வு அங்கே உறுத்தும்.

கையொப்பம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுத்தமாக வெட்டியெடுத்த கையொப்பக் கோப்பு ஒன்று எந்த ஆவணத்திலும் ஒட்டத்தக்கது. காணி உறுதிகளும் பழைய வங்கிக் கடிதங்களும் இன்னும் வீட்டில் உள்ள ஒருவரின் கையொப்பத்தை வெக்டராக்கிக் கடை கடையாக அனுப்புவது பாதுகாப்பானதல்ல.


கடற்கரைப் பலகைக்காரர் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். இருபது வருடமாக இந்த நகரில் பெயர்ப்பலகை செய்துவருபவன் நான். தொழில் செய்பவன் என்ற முறையில், கோப்பு இயந்திரத்துக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

அக்ரிலிக் தகட்டில் எழுத்துகளைத் தனித்தனியே வெட்டிப் பலகையில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். லேசர் இயந்திரம் கோட்டின் வழியே போகும்போது கணுக்கள் நெருங்கியிருந்தால் தயங்கித் தயங்கி நகரும். நிற்கும் இடமெல்லாம் சூடு கூடி ஓரம் கருகும். கிண்ணியாத் தம்பி கணுக்களைக் குறைக்கச் சொன்னது பார்வைக்கு மட்டுமல்ல, வெட்டுக்கும் நல்லது. சுழலும் அலகால் குடைந்து வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தில் வெட்டுவதானால் வெட்டும் அலகு உருண்டையானது என்பதை நினைவில் வையுங்கள். 3 மில்லிமீற்றர் அலகு, உள்மூலை எதையும் 1.5 மில்லிமீற்றர் ஆரத்தை விடக் கூர்மையாக வெட்டாது. தும்பிக்கையின் பிளவுக்கு லேசரே ஏற்றது.

கோப்பில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள், இல்லையேல் இயந்திரம் எழுத்தின் நடுவாகவும் வெட்டிக்கொண்டு போகும். சுழிகள் உண்மையான துளைகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே வெள்ளை நிறத்தில் வரைந்து ஒட்டிய சுழி திரையில் துளைபோலத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அளவை மில்லிமீற்றரில் வைத்து, பக்கத்தில் சரியாக 100 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கோட்டையும் வரைந்து அனுப்புங்கள். கடையில் வேறு மென்பொருளில் திறக்கும்போது அளவு மாறியிருந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். எஸ்.வி.ஜி.யோடு பி.டி.எப். ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் எந்தக் கடையும் மறுக்காது.

கல்லில் பொறிப்பதாக இருந்தால் கதை வேறு. திருகோணமலைக் கோட்டை வாசல் தூணில் இருக்கும் பழைய தமிழ்க் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுத்து ஒற்றை உளிக்கோடாக ஓடுகிறது, தடிப்பும் மெலிவும் இல்லை. அப்படிப் பொறிக்க வேண்டுமானால் ஓரத்தை வரையாமல் எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் தெரிவு இங்க்ஸ்கேப்பின் அதே பெட்டியில் இருக்கிறது. ஆனால் நடுக்கோட்டை எடுத்தால் மையூற்றுப் பேனையின் குணம் முழுவதும் போய்விடும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.


நிலாவெளி வாசகி எழுதியது:

அண்ணா சொன்னபடியே 100 மில்லிமீற்றர்க் கோட்டையும் சேர்த்துவிட்டேன். எல்லா எழுத்துகளையும் கையால் திருத்தி முடித்தேன். அந்த "லை"யில் இப்போது முப்பது கணுக்கள்கூட இல்லை, பிளவும் திட்டும் அப்படியே இருக்கின்றன. உண்மையான அளவில் அச்சிட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்ததில் "கோ"வின் இரட்டைச் சுழிக் கொம்பில் மேற்சுழி சற்று அடைந்திருப்பது தெரிந்தது. ஸ்கேனைத் திரும்பப் பார்த்தேன். அங்கே இளநீலக் கோடு ஒன்று மையோடு கலந்திருந்தது, நான் அதையும் எழுத்தாக எடுத்துவிட்டேன். அதைத் திறந்துவிட்டேன். கையொப்பத்தைச் சேர்ப்பதில்லை என்று சபையும் ஏற்றுக்கொண்டது. ககர ஒற்றைப் பற்றி ஐயாவின் கருத்தை வாசித்துக் காட்டியதும் மறுபேச்சு வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். புள்ளி தனித் துண்டாக, 15 மில்லிமீற்றர் நீளமும் 9 மில்லிமீற்றர் அகலமுமாக வருகிறது. அதை எழுத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எப்படிப் பொருத்துவது?


கடற்கரைப் பலகைக்காரர் எழுதியது:

தூரத்தை யாரையும் கண்ணால் மதிப்பிட விடாதீர்கள். முழு வரியையும் உண்மையான அளவில் ஒரே நீளத்தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, அதன் மேலாகவே துளையிட்டு, எழுத்துகளைப் பொருத்திய பிறகு தாளைக் கிழித்தெடுப்பார்கள். காற்புள்ளியும் புள்ளியும் அப்பா வைத்த இடத்திலேயே வந்து நிற்கும். ஆணிகள் துருப்பிடிக்காத உருக்கில் இருக்கட்டும். சாதாரண இரும்பு நிலாவெளிக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, துரு வடிந்து பலகையில் கோடு விழும்.

அந்தத் துண்டு சிறியது என்பதால் கடையில் நடுவே ஒரே ஆணியை வைத்து முடிக்கப் பார்ப்பார்கள். உருண்டைப் புள்ளியாக இருந்தால் அது போதும், திரும்பினாலும் தெரியாது. உங்கள் அப்பாவின் புள்ளி சாய்கோடு. ஒற்றை ஆணியில் நின்றால் கடற்காற்று அதை மெல்லச் சுழற்றிப் படுக்கையாகக் கிடத்திவிடும். பின்புறம் இரண்டு சிறு தண்டுகள் வைத்து, துளையில் பசையும் இட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.